எல்லாக் கழுதைக்கும் மருந்து வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, கால்நடை வைத்திய அதிகாரி சுபத்திரா அவர்களே, எங்கள் கழுதைகள் பராமரிப்புச் சங்கத்தின் தலைவர் முனவ்வர் ஹாஜியார் அவர்களே, வெள்ளாங்குளத்திலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் அமரரின் தங்கை சுதர்ஷினி அவர்களே, பள்ளிமுனை மக்களே, தோட்டவெளி மக்களே, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த மண்டபத்துக்கு வந்த என் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பெனடிக்ற். சங்கத்தின் செயலாளர். முப்பது வருடம் கடலில் வலை போட்டவன். முழங்கால் போன பிறகு கழுதைகளுக்குப் பின்னால் நடப்பவன். எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கூடினால் ஹாஜியார் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுவார். காட்டட்டும், இன்றைக்கு நான் அந்தப் பக்கம் பார்க்கப்போவதில்லை.

முப்பத்தொரு நாட்களுக்கு முன்பு, மன்னார் ஆஸ்பத்திரியில், இதயம் களைத்துப்போய், எங்கள் அருள்நாயகி மிஸ் கண்ணை மூடினார். அறுபத்துமூன்று வயது. யாரை இழந்தோம் நாங்கள்? அரசாங்கத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரையா? அழைப்பிதழில் அப்படித்தான் இருக்கிறது. பிழையில்லை. ஆனால் இந்த ஊர் அவரை அழைத்த பெயர் அதுவல்ல என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விட்டை மிஸ்! கையில் ஒரு பையோடு, நடு வெயிலில், பஸ் நிலையத்தில், ஒரு கழுதை வாலைத் தூக்கும்வரைக்கும் காத்து நின்ற மனுசியை வேறு என்னவென்று அழைப்பது? அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று இத்தனை வருடமும் யாருக்கும் தெரியாது. நான்தான் வைத்தேன். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ள இன்னும் இரண்டு விடயம் இருக்கிறது. இரண்டும் இதைவிடப் பெரியவை.

அன்பானவர்களே! மிஸ் பிறந்தது மலையகத்தில். தேயிலை நடுவில் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். இல்லை. அவருடைய தகப்பனார் அங்கே ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். குதிரையைக் குளிப்பாட்டுவது, தீனி போடுவது, லாயத்தைக் கூட்டுவது. அந்த லாயத்தில் மாதப் பிறப்பன்று எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து கொடுப்பார்களாம். ஒரே மருந்து, வருடக்கணக்காக. மருந்து ஒரு மாதமும் தவறாமல் குடித்த ஒரு வெள்ளைக் குட்டி, வயிறு ஊதி, முதுகெலும்பு தெரிய மெலிந்து, ஒரு காலையில் விழுந்து செத்தது. எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தது. "மருந்து குடிச்ச குதிரை ஏன்ப்பா செத்துச்சு?" என்று கேட்டதாம். தகப்பன் விளக்குமாற்றை எடுத்து லாயத்தைக் கூட்டப் போனாராம்.

அந்தக் கேள்வியோடுதான் அந்தக் குடும்பம், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, மலையை விட்டு இறங்கி வெள்ளாங்குளத்துக்கு வந்தது. காடு வெட்டியது. கூலிக்கு நாற்று நட்டது. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை படித்து, மாட்டு வேலைக்குப் பெண் எதற்கு என்று கேட்ட காலத்தில் கால்நடைக் கந்தோருக்குள் உத்தியோகத்தராகக் காலடி வைத்தது. வாழ்நாள் முழுவதும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டார், ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றவர் என்ன செய்வார்? ஒரு சாய்மனைக் கதிரையை வாங்கிப் போட்டுக்கொண்டு இருப்பார். மிஸ் எங்கள் சங்கத்துக்கு வந்தார்.

நாங்கள் அப்போது எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும். மன்னார்க் கழுதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் பொதி சுமந்தன. லொறி வந்த பிறகு எங்களுக்கு அவை தேவைப்படவில்லை, அவிழ்த்துவிட்டோம். தெருவில் வாகனத்தில் அடிபட்டன, குப்பையில் பொலித்தீன் தின்றன. சில பேர் சேர்ந்து, அடிபட்டதையும் மெலிந்ததையும் தோட்டவெளியில் ஒரு வளவுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். பெயர் வைக்க வேண்டுமே! எங்கே பிடித்தோமோ அந்த இடத்தின் பெயரையே வைத்தோம். அரசாங்கக் கச்சேரி வாசலில் பிடித்தது கச்சேரி. பள்ளிமுனைப் பெருக்க மரத்துக்குக் கீழே பிடித்தது பெருக்கமரம். தபால் கந்தோர் விறாந்தையில் குட்டித்தாய்ச்சியாகப் படுத்துக் கிடந்ததுக்குத் தபால் கந்தோர் என்று பெயர். 'தபால் கந்தோருக்கு வயித்துக்குத்து' என்று ஒருவர் போனில் சொன்னால் எங்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று பவனியில் முன்னால் நடக்க எங்கள் வளவிலிருந்துதான் கழுதை போகும். ஆகவே அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, எல்லாக் கழுதையையும் குளிப்பாட்டி, எல்லாவற்றுக்கும் பூச்சி மருந்து கொடுத்து, பழைய வளவிலிருந்து மேயாமல் விட்ட புது வளவுக்கு மாற்றுவோம். ஊரே வரும். பலகாரம்கூட வரும். மருந்து பசை மாதிரி, குழாயில் அடைத்து வரும். ஒரு குழாய் ஒரு கழுதைக்கு. எங்களிடம் எப்போதும் பாதிதான் இருக்கும். என்ன செய்தோம்? ஒரு குழாயை இரண்டு கழுதைக்குப் பங்குபோட்டோம்.

ஏன் பங்குபோட்டோம்? நீங்கள் சிரிக்கக்கூடாது. நாங்கள் நிவாரணத்தில் உயிர் பிழைத்த சனம்! முகாமில் வரிசையில் நின்ற சனம்! அரிசி குறைவாக வந்தால் எல்லாருக்கும் அரைக் கொத்து. ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை வெறுங்கையோடு அனுப்பிய நாள் எங்கள் சீவியத்தில் இல்லை. அது எங்கள் இரத்தத்தில் ஊறிவிட்டது. கழுதைக்கும் அதே நியாயம்தான். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றை விடுவதா? அது பாவம் அல்லவா? ஆறு வருடம் அப்படிச் செய்தோம். நல்ல மனதோடு செய்தோம். 

மிஸ் வந்த முதல் வருடம், அந்தச் சனிக்கிழமை, வளவின் படலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாயின் நடுவில் நகத்தால் கோடு போட்டுப் பாதி பாதியாகப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கிட்ட வந்து, "என்னங்கண்ணே பண்றீங்க?" என்றார். வடக்கில் நாற்பது வருடம் இருந்தாலும் அந்த 'அண்ணே' மட்டும் மாறவில்லை. "சமனாப் பிரிக்கிறன் மிஸ்" என்றேன் பெருமையாக. அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறேன்.

"மருந்து என்ன நிவாரணமா, அண்ணே? இதப் பங்கு போட்டா எல்லாருக்கும் இல்லாம போயிரும்."

எனக்குக் கோபம் வந்தது. வராதா? பெரியவர்கள் எல்லாம் நிற்கிறார்கள், நேற்று வந்த ஒருவர் இப்படிச் சொல்கிறார். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பழைய நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தொரு கழுதையின் விட்டையையும் தனித்தனிப் பையில் கட்டி, பையில் பெயர் எழுதினார். எங்கள் உப்பளத்து உப்பை இனிக் கரையாது என்னுமளவுக்குத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் விட்டையைக் கலக்கி வடித்தார். பூச்சியின் முட்டை உப்புத் தண்ணீரில் மேலே மிதக்கும். அதை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்று நாள் எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நாப்பத்தொன்னுல ஒம்பது கழுதைக்குத்தான் மருந்து வேணும். மிச்சத்துக்கு வேணாம்."

எப்படி வேண்டாம்? எல்லாவற்றின் வயிற்றிலும் பூச்சி இருக்கிறதே! இருக்கிறதுதான். கொஞ்சம் பூச்சியோடு கழுதை சுகமாக வாழும். வளவு முழுக்க முட்டையைக் கொட்டுவது அந்த ஒன்பதுதான். அந்த ஒன்பதுக்கும், உடம்பை நாடாவால் அளந்து, நிறைக்கு ஏற்ற முழு மருந்து கொடுக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து மறுபடி எண்ணி, மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும். மற்றதுகளை விட்டுவிட வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் வளவில் கிடக்கும் விட்டையை அள்ள வேண்டும். புல்லில் பூச்சிக் குஞ்சு ஏற முதல் அள்ள வேண்டும். மருந்தைவிட அதுதான் பெரிய மருந்து என்பார்.

எனக்கு இது ஏறவில்லை. கடைசியில் அவர் எனக்குப் புரிகிற பாசையில் கேட்டார். "அண்ணே, நீங்க ஒரே கண்ணு வலைய ஒரே எடத்துல தெனமும் போட்டா, கடசியில அங்க என்ன மீன் மிஞ்சும்?" நான் சொன்னேன்: "வலைக்குத் தப்புறதுதான் மிஞ்சும்." "அது முட்ட போட்டா?"  பள்ளிமுனைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

பாதி மருந்து கொடுத்தால் பலமான பூச்சி தப்பும். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் தப்பிய பூச்சியைத் தவிர வேறு பூச்சியே இராது. அதுவும் நாங்கள் கொடுத்தது எப்போது? பங்குனி, சித்திரையில்! புல் காய்ந்து, மண் கொதித்து, வெளியில் ஒரு குஞ்சும் உயிரோடு இல்லாத நேரத்தில். உள்ள பூச்சியெல்லாம் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் நேரத்தில். அப்போது மருந்தைக் கொடுத்து, கையோடு புது வளவுக்கும் மாற்றினால், அந்தப் புது மண்ணில் எது விழும்? தப்பியதின் முட்டை மட்டுமே விழும். நாங்கள் ஆறு வருடம் பலகாரம் தின்றுகொண்டு, மருந்துக்குச் சாகாத பூச்சியை வளர்த்தோம்! மிஸ் சோதித்தபோது, நாங்கள் கொடுத்துவந்த முதலாவது வகை மருந்து ஏற்கனவே செத்துப்போயிருந்தது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முட்டைக் கணக்கு ஒன்றுதான். அந்த லாயத்து வெள்ளைக் குட்டி குடித்ததும் இப்படிச் செத்துப்போன மருந்தைத்தான்.

இரண்டாவது வகை மருந்தை அவர் வரவழைத்தார். அதை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டின் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். தாலி மாதிரி என்று அதற்கும் நாங்கள் கிண்டல் அடித்தோம்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதலாவது விடயம். ஐந்து வருடத்துக்கு முன்பு, தவக்காலத்தில், மிஸ் கண் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போனார். குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் வந்தது. ஊர் வந்தது, பலகாரம் வந்தது. "என்ன பெனடிக்ற் அண்ணை, இந்த முறையும் மருந்து இல்லையோ? பாவம், வாயில்லாச் சீவன்கள்" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. நங்கூரக் கம்பியை எடுத்து அலுமாரியின் பூட்டை உடைத்தேன். இருபது குழாய் இருந்தது. பாதி பாதியாக எல்லாக் கழுதைக்கும் கொடுத்தேன். கை தட்டினார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோசமாக வீட்டுக்குப் போனேன் தெரியுமா!

மிஸ் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். உடைந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஹாஜியார் கேட்டபோது என்ன சொன்னார் என்று ஹாஜியாருக்கே ஞாபகம் இருக்கும். "உப்புக் காத்துல பூட்டு துருப்பிடிச்சு விட்டுருச்சு" என்றார். ஹாஜியார், பூட்டு துருப்பிடிக்கவில்லை. நான்தான் உடைத்தேன். மிஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல வந்து பை பிடிங்கண்ணே, எண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாரியில் தபால் கந்தோர் மெலியத் தொடங்கியது. அதன் குட்டிக்கு அப்போது இரண்டு மாதம். விட்டையில் முட்டை கிடுகிடுவென்று ஏறியது. இரண்டாவது வகை மருந்தை, நிறைக்கு ஏற்றபடி, முழுதாகக் கொடுத்தார் மிஸ். முன்பு நூறு முட்டையில் தொண்ணூற்றெட்டை இல்லாமல் செய்த மருந்து, இப்போது பாதியைக்கூடக் குறைக்கவில்லை. மூன்றாவது வகைக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பினோம். மழையில் பாதை வெட்டுப்பட்டு ஒன்பது நாள் பிந்தியது. பெட்டி வந்து இறங்கிய அன்று காலைதான் தபால் கந்தோர் செத்தது.

மிஸ் செத்த கழுதையின் வயிற்றைத் திறந்து பார்த்தார். என்னைக் குடலைப் பிடிக்கச் சொன்னார். கடலில் எத்தனையோ மீனின் வயிற்றைக் கீறியவன் நான். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மயிர் மாதிரி மெல்லிய சிவப்புப் பூச்சிகள். எண்ண முடியாது. "மிஸ், என்னாலதானே?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மிஸ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஆறு வருஷமா எல்லாரும் உருட்டிக்கிட்டு வந்ததை நீங்க கொஞ்சம் தள்ளிவிட்டீங்க. முழுசா உங்க மேல போடமாட்டேன். ஆனா இல்லைன்னும் சொல்லமாட்டேன். குட்டிக்குப் பால் கரைக்கணும், அடுப்ப மூட்டுங்க."

அந்தக் குட்டி பிழைத்தது. எங்கே பிடித்தோம் என்று சொல்ல அதற்கு இடமில்லை, வளவில் பிறந்தது. மிஸ் அதற்குப் பதில் என்று பெயர் வைத்தார். தபாலுக்குப் பதில். நாளை மறுநாள் பவனியில் உங்கள் முன்னால் நடக்கப்போவது அதுதான்.

பூட்டை உடைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் நான் பை பிடித்தேன். செவ்வாயும் வெள்ளியும் விட்டை அள்ளினோம். நத்தார் அன்றும் அள்ளினோம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று ஹாஜியார் புதுச் சாரத்தோடு வந்து அள்ளினார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தபால் கந்தோருக்குப் பிறகு ஒரு கழுதைகூடப் பூச்சியால் சாகவில்லை! எத்தனை மருந்து கொடுத்தோம் என்று நினைக்கிறீர்கள்? வருடத்துக்கு எட்டு, பத்துக் குழாய். மூன்றாவது வகை இன்னும் நூறுக்குத் தொண்ணூற்றொன்பது வேலை செய்கிறது. நான்காவது வகை ஒன்று இருக்கிறதா என்று சுபத்திரா மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள். தலையை ஆட்டுகிறார், பார்த்தீர்களா? இல்லை. இதுதான் கடைசி.

இப்போது இரண்டாவது விடயம். எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. நீங்கள் எல்லாரும் வாசித்திருப்பீர்கள். 'அமரர் அருள்நாயகி அம்மாவின் நினைவாக, நாளை சனிக்கிழமை காலை, சங்கத்தின் கழுதைகள் அனைத்துக்கும் பூச்சி மருந்து வழங்கப்படும்.' இந்த மேசையின் கீழே வெள்ளைத் துணியால் மூடி ஒரு பெட்டி இருக்கிறது. மூன்றாவது வகை. நாற்பத்தாறு குழாய். இந்த முறை பாதியில்லை, ஒரு கழுதைக்கு ஒரு குழாய். சுதர்ஷினி அம்மாவின் மகன் சிவரூபன், பெரியம்மாவின் மேல் உள்ள பாசத்தில், வெளிநாட்டிலிருந்து அனுப்பியது.

போன செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில் இதற்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். அழுகிற வீட்டில் எப்படி மறுத்துப் பேசுவது? எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். பூட்டை உடைத்த அதே கை! மிஸ்ஸின் பெயரால், மிஸ் வாழ்நாள் முழுவதும் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன காரியத்தை, மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவாகச் செய்ய நான் கை உயர்த்திவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது சங்கிலியைக் கழற்றித் திறப்பை என் கையில் வைத்தார். நான் பின்னால் இழுத்தேன். "வேண்டாம் மிஸ், சுபத்திரா மிஸ்ஸிட்டக் குடுங்கோ. என்னட்ட ஏன்?" என்றேன். மூச்சு வாங்கியது அவருக்கு. ஆனாலும் சிரித்தார். "பூட்ட ஒடச்சவருக்குத்தானே அது ஏன் பூட்டியிருந்துச்சுன்னு தெரியும், அண்ணே" என்றார். ஐந்து வருடத்தில் அந்தப் பூட்டைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தரம்தான்.

ஆகவே, ஹாஜியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். நாளைக்கு இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம். உயர்த்திய கையை நான் இறக்குகிறேன். சுதர்ஷினி அம்மா, உங்கள் மகன் அனுப்பிய அன்பளிப்பை நான் தட்டவில்லை. என்னை மன்னியுங்கள். இதை விடப் பெரிய கொடை எங்களுக்கு வராது. ஆனால் அந்தக் கொடை பூட்டிக் கிடந்தால்தான் கொடை. நாளைக்கு நாற்பத்தாறு கழுதைக்கும் கொடுத்தால், இன்னும் சில மாரி கழித்து, இன்னொரு தபால் கந்தோர் விழும்போது எங்கள் கையில் ஒன்றும் இராது.

சுதர்ஷினி அம்மா எழுந்து நிற்கிறா. ஏதோ சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஒலிவாங்கியை அவவிடம் கொடுங்கோ. இல்லை? சரி, அப்படியே சொல்லுங்கோ, நான் திருப்பிச் சொல்கிறேன்.

கேட்டதா பின்னால் இருப்பவர்களுக்கு? அவ சொல்கிறா: "அக்கா இருந்திருந்தா பெட்டிய வாங்கி, நன்றி சொல்லி, உள்ள வச்சுப் பூட்டியிருப்பா. மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?  ஹாஜியார் மணிக்கூட்டைக் காட்டுவார் என்று பார்த்தால் பதாகையின் கயிற்றை அவிழ்க்கிறார். பார்த்து, ஹாஜியார், கதிரை ஆடுகிறது!

நண்பர்களே, நாளைக் காலை ஆறு மணிக்கு நிகழ்வு நடக்கும். பலகாரமும் கொண்டு வாருங்கள். ஆனால் மருந்து கொடுக்க அல்ல, விட்டை எடுக்க வாருங்கள். ஒரு கழுதைக்கு ஒரு பை, பையில் பெயர். சூடு ஆற முதல் எடுக்க வேண்டும், அதற்காகக் கொஞ்சம் காத்து நிற்க வேண்டி வரும். வெட்கப்படாதீர்கள். இந்த ஊரில் ஒருவர் எட்டு வருடம் அப்படி நின்றிருக்கிறார். யார் எண்ணுவது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சுபத்திரா மிஸ் மாதம் ஒருமுறை வந்து என் கணக்கைச் சரிபார்ப்பதாக வாக்குத் தந்திருக்கிறார். மற்ற நாளில் நான் எண்ணுவேன்.

சிரிக்கிறீர்கள். அறுபத்தெட்டு வயதில், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா என்று. நேற்று மிஸ்ஸின் மேசையில் தனியாக உட்கார்ந்தேன். பதில் தந்த விட்டையை உப்புத் தண்ணீரில் கரைத்தேன். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. சின்னச் சின்ன முட்டை, கண்ணாடி மாதிரி. எண்ணினேன். நம்பிக்கை வரவில்லை, மறுபடி எண்ணினேன். மூன்று தரமும் ஒரே எண்ணிக்கை. கொப்பியைத் திறந்தேன். மிஸ்ஸின் கையெழுத்து ஒரு பக்கத்தின் நடுவோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: 'பதில். நூறு. மருந்து வேண்டாம்.' மிஸ்ஸின் கணக்கில் நூறு முட்டை என்பது கொஞ்சம்தான். எழுதிவிட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாற்பத்தாறு கழுதையையும் எண்ணுவேன். தேவையானதுக்கு அளந்து முழுதாகக் கொடுப்பேன். தேவையில்லாததுக்கு, ஊரே வந்து நின்று பாவம் என்று சொன்னாலும், கொடுக்கமாட்டேன். நான் எண்ண முடியாத நாள் வர முதல் இந்த மண்டபத்தில் இருந்து இரண்டு பேர் அந்த மேசையில் வந்து உட்கார வேண்டும். பெயரை இன்றைக்கே தாருங்கள்.

அருள்நாயகி மிஸ்! எட்டு வயதில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்தத் தீவு மக்கள் முன்னால் பதில் சொல்லிவிட்டேன், பிழை இருந்தால் மன்னியுங்கள். கூட்டம் முடிந்ததும் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைப்பேன். அலுமாரி பூட்டியிருக்கும். திறப்பு என் கழுத்தில் இருக்கும். நீங்கள் போய் வாருங்கள்.